இணையவழிக் கருத்தரங்குகளும் ஆய்வாளர் அவையும்

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் அந்நூலின் சிறப்பை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. நூல் அரங்கேறிய அவையையும், அவையைக் கூட்டிய வேந்தனையும், நூலைக் கேட்ட ஆசானையும் சேர்த்தே கூறுகிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு நூல் ஐயமற எடுத்துரைக்கப்பட்டது என்பது பாயிரம் தரும் செய்தி. ஆசான் குற்றம் கூறக் கூறத் தொல்காப்பியர் விடை கூறினார் என்று நச்சினார்க்கினியர் அதனை விரித்துரைப்பார். இதன் வரலாற்றுத் தன்மை வேறு ஆய்வுக்குரியது. எழுதியவர் தம் நூலை உலகிற்கு விடுக்குமுன் வினவத் தெரிந்த ஒருவர்முன் வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மரபில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இச்செய்தி சான்றாகும். இன்றைய ஆய்வுக் கருத்தரங்கு அவ்வெண்ணத்தின் வழித்தோன்றலே. எனவே ஒரு கருத்தரங்கு மண்டபத்தில் நடந்ததா, கணினித் திரையில் நடந்ததா என்று வினவுவதற்கு முன், அங்கு அதங்கோட்டாசான் ஒருவர் இருந்தாரா என்று வினவுதல் தகும்.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே தமிழ்த்துறைகள் பலவும் இணையத்திற்கு இடம்பெயர்ந்தன. கருத்தரங்கு, பயிலரங்கு, தொடர்சொற்பொழிவு, வினாடிவினா என யாவும் சூம், கூகுள் மீட் வழியாக நிகழலாயின. புலனக் குழுக்களில் அழைப்பிதழ்கள் நாள்தோறும் குவிந்தன. கூகுள் படிவத்தில் பெயரைப் பதிந்து, உரை முடிந்தபின் பின்னூட்டப் படிவத்தையும் நிரப்பினால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. உரையைக் கேளாமலே படிவத்தை மட்டும் நிரப்பியவர்கள் உண்டென்பதை ஒருங்கிணைப்பாளர்கள் அறிவர். அதைப் பற்றிப் பேசுவாரில்லை. ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வுகளில் கலந்துகொண்டதாகச் சான்றிதழ் பெறவும் தடை இருக்கவில்லை. இவற்றின் விளைவாக 'இணையவழி' என்னும் அடைமொழியே மதிப்புக்குறைவின் அடையாளமாகிவிட்டது. தன்விவரக் குறிப்பில் அச்சொல்லை விடுத்துக் கருத்தரங்கின் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் அதனால் வந்ததே.

இப்பழி முழுவதையும் இணையத்தின்மேல் ஏற்றுவது முறையன்று. நேரடிக் கருத்தரங்குகளின் நடைமுறையை அறிந்தவர் எவரும் இதை ஒப்புவர். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரைகள், நூல் வெளியீடு ஆகியவற்றுடன் முற்பகல் முடிந்துவிடும். உணவுக்குப்பின் நான்கைந்து வகுப்பறைகளில் இணை அமர்வுகள் தொடங்கும். ஓர் அறையில் இருபது கட்டுரைகள் இருப்பின் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அது பேறு. கேட்போராக அமர்ந்திருப்பவர்கள் அடுத்துப் படிக்கவேண்டியவர்களே. படித்து முடித்தவர் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு பேருந்து நிலையம் செல்வார். இவற்றினும் வருந்தத்தக்க ஒன்று உண்டு. கட்டுரைத் தொகுப்பு கருத்தரங்கு நாளன்றே அச்சாகி, பன்னாட்டுத் தர நூல் எண்ணுடன் மேடையில் வெளியிடப்படுகிறது. அஃதாவது, அவையில் எழும் எந்த வினாவும் கட்டுரையின் ஓரெழுத்தையேனும் மாற்ற இயலாத நிலையில்தான் அவையே கூட்டப்படுகிறது. அரங்கேற்றத்திற்கு முன்பே நூல் முடிந்துவிட்டபின் அதங்கோட்டாசான் வந்தென்ன, வாராதிருந்தென்ன?

இணையம் இந்நோயைத் தோற்றுவிக்கவில்லை. முன்பே இருந்ததைச் செலவின்றி, விரைவாக, பலர் காணும்படி பெருக்கியது. நோயின் வேரை மதிப்பெண் முறையில் தேடுதல் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆசிரியர் நியமனத்திற்கும் பதவி உயர்விற்கும் உரிய ஆய்வு மதிப்பெண்களை வரையறுத்துள்ளன. அவற்றின்படி வெளிநாட்டில் நிகழும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வழங்கினால் 7 மதிப்பெண், உள்நாட்டில் நிகழும் பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு 5, தேசியக் கருத்தரங்கிற்கு 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவினதற்கு 2. கட்டுரை எத்தகையது, எவர் கேட்டனர், என்ன வினா எழுந்தது என்பவற்றிற்கு இவ்வளவையில் இடமில்லை. அளக்கப்படுவது தொலைவு. கோலாலம்பூரிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் அமர்வில் நாமக்கல்லில் தம் வீட்டிலிருந்தே பேசும் ஆய்வாளர் வெளிநாட்டில் கட்டுரை வழங்கியவரா, உள்நாட்டில் வழங்கியவரா? அவருக்கு 7 மதிப்பெண்ணா, 5 மதிப்பெண்ணா? இவ்வினா நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆயினும், நில எல்லையை அறிவின் அளவுகோலாகக் கொண்ட முறையின் வெறுமையை இணையவழிக் கருத்தரங்கே முதன்முதலில் வெளிப்படுத்தியது என்பது அதன் எதிர்பாராத பயன்களுள் ஒன்று. அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் பத்து நிமிடம் திரையில் தோன்றியதனாலேயே 'பன்னாட்டு' என்னும் பெயர் சூடிய நிகழ்வுகள் பலவாதலின், அப்பெயரைக் கொண்டு இனி எதையும் துணிய இயலாது.

முனைவர் பட்ட ஆய்வாளர் நிலை சற்று வேறானது. 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆய்வேட்டை அளிக்குமுன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வழங்கியிருத்தலையும் மதிப்பீட்டிற்குட்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருத்தலையும் கட்டாயமாக்கின. 2022 நவம்பரில் வெளிவந்த புதிய ஒழுங்குமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. இதனால் ஆய்வின் தரம் தாழும் என்று அஞ்சியோர் உளர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் இரண்டு சான்றிதழ்களுக்காகக் கருத்தரங்கைத் தேடிய நிலை மாறி, தம் ஆய்வில் எழுந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு கருத்தரங்கைத் தேடும் நிலை உருவாக இடம் ஏற்பட்டுள்ளது. அவ்வாறு தேடுபவர்க்கு இணையவழி அவை என்ன தருகிறது என்பதே ஆராயத்தக்கது.

உடன் பயில்வோர்

நன்னூலின் பொதுப்பாயிரம் புலமை நிரம்பும் வழியைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணாக்கர்க்கு வாய்ப்பது கால்பங்கே. உடன் பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வாய்க்கும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும். இக்கணக்கைத் தமிழகத்தின் இன்றைய ஆய்வாளர் ஒருவர்க்குப் பொருத்திப் பார்க்கலாம். பகுதிநேர ஆய்வாளர், சிறுநகர்க் கல்லூரியொன்றில் கௌரவ விரிவுரையாளர், அல்லது மேனிலைப்பள்ளியொன்றில் தமிழாசிரியர். நெறியாளரைத் திங்களுக்கு ஒருமுறை காண இயலும். கால்பங்கு அங்குக் கிடைக்கும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் யாப்பருங்கல விருத்தியுரை மேற்கோள்களாகவோ, கொங்கு நாட்டுச் செப்பேடுகளாகவோ இருப்பின், அதே பொருளில் உழைக்கும் மற்றொருவர் அவர் மாவட்டத்திலேயே இல்லாதிருக்கலாம். ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருப்பார். ஒருவர் ஹாம்பர்க்கில் இருப்பார். ஒருவர் புதுச்சேரியில் இருப்பார். உடன் பயில்வோரால் வரவேண்டிய கால்பங்கும், உரைப்பதால் வரவேண்டிய அரைப்பங்கும் இவர்க்கு இணையம் வழியாகவே வாய்க்கும்.

பெண் ஆய்வாளர்கள் திறத்தில் இது மேலும் உண்மை. இருநாள் வெளியூர்ப் பயணம் என்பது கைக்குழந்தையும் முதிய பெற்றோரும் உள்ள வீட்டில் பலநாள் முன்னேற்பாட்டையும் பலரது இசைவையும் வேண்டுவது. பயணச்செலவு, தங்கற்செலவு, பதிவுக்கட்டணம், தற்செயல் விடுப்பு என ஒவ்வொன்றும் ஒரு தடை. விடுப்பெடுத்தால் ஊதியம் குறையும் பணியில் இருப்போர்க்கு அத்தடை இரட்டிப்பாகிறது. இத்துணையும் கடந்து சென்று ஐந்து நிமிடம் படித்துத் திரும்புவதைவிட, வீட்டின் ஓர் அறையிலிருந்து இருபது நிமிடம் பேசி, நாற்பது நிமிடம் வினாக்களுக்கு விடை கூறுதல் சாலச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இருபதும் நாற்பதும் உண்மையாகவே வழங்கப்படுதல் வேண்டும்.

எல்லைகள்

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் புதுதில்லியில் நிகழ்ந்த கீழைத்தேயவியலார் மாநாட்டையொட்டித் தோன்றியது. தனிநாயக அடிகளாரின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நிகழ்ந்தன. தமிழாய்வு ஒரு நாட்டிற்குள் அடங்கும் துறையன்று என்பதை அவை நிலைநாட்டின. கோலாலம்பூர் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருப்பவை. இம்மரபு நேரடிச் சந்திப்பால் விளைந்ததேயாம். அதே மரபின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1995இல் தஞ்சாவூரில் நிகழ்ந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டிற்கு வந்த ஈழத்து அறிஞர்கள் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, மாநாட்டில் பங்கேற்க இயலாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். சங்க இலக்கியத்தையும் தமிழ் நாடகத்தையும் சமூக வரலாற்று நோக்கில் ஆராய்ந்த முதன்மையானவருள் ஒருவர் தமிழாய்வு மாநாட்டின் வாயிலிலேயே தடுக்கப்பட்டார் என்பது ஆழ எண்ணத்தக்க செய்தி. ஒருவர் பேசுவதற்கு நுழைவிசைவு வேண்டா என்னும் நிலை அக்காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது. இன்று அது ஓர் இணைப்பு முகவரி.

ஆயினும் இணையமும் எல்லையற்றதன்று. 2022இல் இலங்கையைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் தட்டுப்பாட்டால் பயணம் அரிதாயிற்று. பல்கலைக்கழகங்கள் இணையத்தை நாடின. அதே நாள்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டது. பேருந்து இல்லாததால் திரைக்கு வந்தவர் மின்சாரம் இல்லாததால் திரையையும் இழந்தார். தமிழகத்தின் மலைப்பகுதிகளில் கைப்பேசி அலைவரிசை தேடி மேட்டுநிலம் ஏறும் மாணவர் நிலையும் இதுவே. கட்டுரையை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுச் சுற்றுக்கு விடுத்தல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இணைப்பு அறுந்தாலும் கட்டுரை அவையில் இருக்கும். வினாக்களையும் விடைகளையும் எழுத்தில் தொடரலாம்.

சுவடியும் திரையும்

நேரடி அவையைவிடத் திரைவழி அவை தெளிவாக மேம்பட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது மூலபாட ஆய்வு. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. ஆதலின் ஒரு பாடவேறுபாட்டைப் பற்றிய வழக்கு, ஓலையின் ஒரு கீற்றைக் கண்ணால் கண்டே தீர்க்கவேண்டியதாகும். மண்டபத்தில் வீழ்த்தப்படும் ஒளிப்படத்தில் மூன்றாம் வரிசைக்கு அப்பால் இருப்போர்க்கு ஓலையின் நிறம் மட்டுமே தெரியும். திரைவழி அமர்விலோ ஒவ்வொருவர் கண்முன்னும் அதே ஓலை அரையடித் தொலைவில் இருக்கிறது; வேண்டிய இடத்தைப் பெரிதாக்கலாம்; ஒருவர் அடிக்கோடிட மற்றவர் மறுக்கலாம். உ.வே. சாமிநாதையர் நூலகத்துச் சுவடியின் படமும் பாரிசு தேசிய நூலகத்துச் சுவடியின் படமும் அருகருகே வைத்து நோக்கப்படலாம். உரிய இசைவு பெற்றுப் படங்களைப் பகிர்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நாலைந்து பேர் திங்களுக்கு இருமுறை கூடி ஒரு சுவடியின் சில ஏடுகளை இவ்வாறு படிப்பதும் ஒரு கருத்தரங்கே. பதாகையும் சான்றிதழும் இல்லாமையால் அது கணக்கில் வருவதில்லை.

மேற்கோள் சரிபார்த்தலும் இவ்வாறே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை பேசுபவர்க்கும் கேட்பவர்க்கும் ஒருசேரத் திறந்திருக்கின்றன. நினைவிலிருந்து கூறப்பட்ட மேற்கோள் அதே அமர்வில் சரிபார்க்கப்படும் என்னும் உணர்வு பேச்சின் பொறுப்பை மிகுவிக்கிறது. கட்டணமில்லாச் சூம் இணைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதும் ஒருவகையில் நன்மையே. வாழ்த்துரைகளை வேறெந்த அறிவுரையும் இத்துணைச் சுருக்கியதில்லை.

இழப்புகளையும் கூறுதல் நேர்மை. தஞ்சாவூரில் கருத்தரங்கு எனின் சரசுவதி மகால் நூலகத்தையும், மதுரையில் எனின் தமிழ்ச்சங்கத்து நூல்களையும் கண்டுவரலாம். தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் "அந்த உரையைப் பழைய பதிப்பில் பார்த்தீர்களா?" என்று கேட்கும் ஒரு வினா சில வேளைகளில் ஓர் இயலையே திருத்தி எழுதவைக்கும். திரையில் தேநீர் இடைவேளை இல்லை. ஒலிவாங்கிகள் அடைக்கப்பட்டு, முகங்கள் மறைக்கப்பட்டு, கரிய கட்டங்கள் வரிசையாக நிற்கப் பேசுவோர்க்குத் தம் சொல் சென்று சேர்ந்ததா என்பதே விளங்காது. கூத்து, நாட்டுப்புறப் பாடல், நிகழ்த்துகலை பற்றிய அமர்வுகளைத் திரைக்குள் அடக்குவது பொருந்தாது. தமிழ்க் கணிமை வரலாறும் இதை உணர்த்தும். 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டில் கணித்தமிழ் வல்லுநர்கள் நேரில் கூடியதாலேயே தமிழ்99 விசைப்பலகை பற்றிய உடன்பாடு எட்டப்பட்டது. கணினித் தமிழுக்கான முடிவே கணினி வழியாக எடுக்கப்படவில்லை. உடன்பாடு காண நேர்முகம் வேண்டும். உடன்படாமையை ஆராயத் திரை போதும் எனலாம்.

பொழுதும் பதிவும்

பெயரளவில் பன்னாட்டுத் தன்மையைக் கொண்டாடும் அழைப்பிதழ்கள் கடிகாரத்தை நோக்குவதில்லை. கல்லூரி வழக்கப்படி நிகழ்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். அப்போது குளிர்காலப் பாரிசில் விடியற்காலை ஐந்தரை. தொராந்தோவில் முந்தைய நாள் நள்ளிரவுக்கு அரைமணி. அங்குள்ள தமிழாய்வாளர் எவ்வாறு கலந்துகொள்வர்? அதே அமர்வு சென்னை நேரப்படி மாலை ஆறரைக்குத் தொடங்கினால் கோலாலம்பூரில் இரவு 9, பாரிசில் பிற்பகல் 2, தொராந்தோவில் காலை 8. நால்வரும் விழித்திருக்கும் பொழுது நாளில் ஒன்று உண்டு. வகுப்பு நேரம் முடிந்துவிடுவதால் உள்ளூர் ஆசிரியர்க்கும் விடுப்பு வேண்டுவதில்லை. முழுநாள் நிகழ்வைக் கைவிட்டு, நாளுக்கு இரண்டு கட்டுரை என ஒரு வாரம் நடத்த இயலும். மண்டப வாடகை இல்லாத நிகழ்வை மண்டப வாடகைக்கு அஞ்சி ஒரே நாளில் திணிப்பானேன்?

ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை பெரிதும் நீங்கும் என்பதும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து உரைக்க இயலும் என்பதும் நன்னூல் கருத்து. உரைப்பதிவு அதற்கு வழிசெய்கிறது. தம் கருத்தைப் பிறர் கவர்ந்துகொள்வர் என்று பதிவை மறுப்போர் உளர். நாளும் நேரமும் குறிக்கப்பட்ட பதிவே முதலிற் கூறியவர் யார் என்பதற்குச் சான்றாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். உண்மையான இடர் வேறு. பதிவுகள் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளரின் தனிப்பட்ட யூடியூப் கணக்கில் கிடக்கின்றன. அவர் பணிமாறினால் அல்லது கணக்கை மூடினால் அடிக்குறிப்பில் காட்டப்பட்ட முகவரி வெறுமையாகும். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருப்பதுபோல, கருத்தரங்க உரைகளைப் பல்கலைக்கழக நூலகங்கள் தம் பொறுப்பில் நிலையான எண்ணிட்டுக் காத்தல் வேண்டும். இதற்குப் புதிய கருவி வேண்டுவதில்லை. நூலகருக்கு ஓர் ஆணையும் சிறிது சேமிப்பிடமும் போதும்.

2020 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக்குழு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வையே காணொலி வழி நடத்த இசைவளித்தது. ஒருவர் பட்டத்திற்குரியவரா என்பதைத் திரைவழி வினவித் துணியலாம் எனின், அவர் கட்டுரையைத் திரைவழி வினவ இயலாது என்பது பொருந்தாக் கூற்று. வாய்மொழித் தேர்வு திரையிலும் தரம் குன்றாமல் நிகழ்வதற்குக் காரணம், ஆய்வேட்டை முன்னரே படித்துவந்த புறத்தேர்வாளர் ஒருவர் அங்கு இருப்பதே. கருத்தரங்கிலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அத்தகைய ஒருவரை முன்கூட்டியே அமர்த்தலாம். கட்டுரை பத்து நாள் முன் அவர் கைக்குச் செல்லுதல் வேண்டும். அவர் எழுப்பும் வினாக்களும், கட்டுரையாளர் தரும் விடைகளும், விடையளிக்க இயலாதவையும் அமர்வு முடிந்தபின் எழுத்தில் தொகுக்கப்பட்டு, திருத்தம் பெற்ற கட்டுரையோடு இணைக்கப்படுதல் வேண்டும். தொகுப்பு நூல் அதன் பின்னரே அச்சேறும். மூன்று திங்கள் தாமதமாகும். தொடக்க விழா மேடையில் வெளியிட நூல் இராது.